தந்தையல்லர், வாரிசு

'நவீன அலைச்சறுக்கின் தந்தை' என்று டியூக் கஹானமோக்குவை எழுதுவது பத்திரிகை உலகில் வழக்கமாகிவிட்டது. சக பத்திரிகையாளர்கள் பொறுத்தருள்க. இது புகழுரை அன்று, ஒரு மறைப்பு.

அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஹவாய்த் தீவினர் மரப்பலகையில் அலையேறினர். அரசரும் ஏறினர், குடிகளும் ஏறினர், பெண்களும் ஏறினர். 1820 இல் வந்திறங்கிய மிஷனரிமார் அதனை ஒழுக்கக்கேடாகக் கண்டனர். வெளியார் கொண்டுவந்த நோய்கள் அம்மக்களிற் பெருந்தொகையானோரைக் கொன்றன. ஒருவரைத் தந்தை எனக் காட்டிவிட்டால் இவற்றையெல்லாம் பேச வேண்டியதில்லை அல்லவா?

1890 இல் ஹொனலுலுவில் அவர் பிறந்தபோது ஹவாய் தனி இராச்சியம். 1893 இல் அரசி லிலியுவோகலானி பதவி கவிழ்க்கப்பட்டார். 1898 இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1911 இல் ஹொனலுலு துறைமுகத்தில் 100 யார் தூரத்தை 55.4 செக்கன்களில் அவர் நீந்தினார். அன்றைய உலக சாதனையைவிட 4.6 செக்கன்கள் குறைவு. அமெரிக்க விளையாட்டுச் சங்கமோ நேரம் கணித்த முறையையும் நீரோட்டத்தையும் காரணங்காட்டி அதனை ஏற்க மறுத்தது. மறு ஆண்டே ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றரில் தங்கம் வென்றார். நம்ப மறுத்தவர்களின் கொடியே அவருக்காக ஏற்றப்பட்டது!

1915 அளவில் அவுஸ்திரேலியாவின் பிரெஷ்வோட்டர் கடற்கரையில், தாமே செதுக்கிய பலகையில் அலையேறிக் காட்டினார். 1925 இல் கலிபோர்னியாவில் தெல்மா என்ற படகு கவிழ்ந்தபோது 8 பேரைப் பலகையிற் கரைசேர்த்தார். ஆனால் நீச்சலை வைத்துச் சம்பாதிக்கக் கூடாது என்பது அக்கால ஒலிம்பிக் விதி. 1924 பாரிஸில் அவரை வென்ற ஜொனி வைஸ்முல்லர் 1932 இல் திரையில் டார்சானாகிப் பெரும் நட்சத்திரமானார். கஹானமோக்குவுக்குக் கிட்டியவை சில்லறை வேடங்கள். ஊரில் அவர் வாகனங்களுக்குப் பெற்றோல் நிரப்பினார்.

ஹொனலுலுவின் ஷெரிப்பாகப் பலமுறை தெரிவானாரே என்பர். உண்மை. அது அவருடைய ஊரவர் வாக்கால் வந்த மதிப்பு, உலகம் கொடுத்ததன்று.

வைக்கிக்கி கடற்கரையில் 1990 இல் நிறுவப்பட்ட அவரது சிலை கடலுக்கு முதுகு காட்டி நிற்கிறது. கடலுக்கு முதுகு காட்டாதே என்பதே அலையேறுவோரின் முதற்பாடம். 'தந்தை' என்ற பட்டமும் அவரைத் தம் கடலிலிருந்தும் தம் மக்களிடமிருந்தும் திருப்பித்தான் நிறுத்துகிறது. ஒரு மக்களின் கலையை உலகுக்கு எடுத்துச் சென்ற வாரிசு அவர். இனி அவரைப் பற்றி எழுதுவோர் அப்படியே எழுதட்டும். 1912 ஐ எழுதும்போது 1893 ஐயும் 1898 ஐயும் சேர்த்தே எழுதட்டும்.