படம் நகரட்டும், ஆனால் எங்கே?

கல்லூரி பிரிவு உபசார வீடியோ ஆகட்டும், தாத்தாவின் எண்பதாம் கல்யாண வீடியோ ஆகட்டும், ஒரு விஷயம் மட்டும் மாறுவதே இல்லை. ஒரு புகைப்படம் வரும், மெதுவாகப் பெரிதாகும், போகும். அடுத்தது வரும், அதுவும் பெரிதாகும். பத்தாவது படத்துக்குள் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும். குற்றம் படங்களின் மேல் இல்லை. மென்பொருள் தானாகக் கொடுத்த அசைவை யாரும் மாற்றாமல் அப்படியே விட்டதுதான் காரணம்.

இந்த அசைவுக்கு 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்று பெயர். கென் பர்ன்ஸ் ஓர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய அவருடைய 'தி சிவில் வார்' தொடர் 1990-இல் பிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. அந்தப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான காலத்தில் சினிமா கேமராவே கிடையாது. கையில் இருந்தவை பழைய புகைப்படங்களும் கடிதங்களும்தான். வேறு வழியில்லாமல் புகைப்படத்தின் மேலேயே கேமராவை நகர்த்தினார். கூட்டத்திலிருந்து ஒரு முகத்துக்கு, முகத்திலிருந்து கையிலிருக்கும் துப்பாக்கிக்கு என்று கதை சொல்ல வேண்டியிருந்தது.

இதை அவர் கண்டுபிடிக்கவில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1957-இல் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் கோல்டு' படத்திலேயே இந்த உத்தி இருக்கிறது. தங்கம் தேடி டாசன் நகரத்துக்கு ஓடியவர்களின் பழைய படங்களை அதில் கோலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் இப்படித்தான் உயிர்ப்பித்தார்கள். பர்ன்ஸும் அந்தப் படத்தைத் தன் முன்னோடியாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஸ்டீவ் ஜாப்ஸ் அவர் பெயரைக் கேட்டு வாங்கினார். விளம்பரங்களுக்குப் பெயர் தருவதில்லை என்று முதலில் மறுத்த பர்ன்ஸ், பின்னர் சம்மதித்தார். 2003-இல் வந்த ஐமூவி 3-இல் அந்தப் பெயரோடு இந்த வசதி வந்தது.

செய்முறை சுலபம். தொடக்கத்தில் ஒரு கீஃப்ரேம், முடிவில் ஒரு கீஃப்ரேம். இரண்டிலும் படத்தின் இடத்தையும் அளவையும் சொன்னால் போதும், நடுவில் உள்ளதை மென்பொருள் கணக்கிட்டுக்கொள்ளும். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பது கணக்கு அல்ல, அது ஒரு முடிவு. தனியாக நிற்கும் ஒருவரிடமிருந்து பின்வாங்கினால் அவரைச் சுற்றி இருப்பவர்கள் தெரிவார்கள். கூட்டத்திலிருந்து அவரை நோக்கிப் போனால் அவர் தனியாகிவிடுவார். படம் ஒன்றுதான், அர்த்தம் இரண்டு. இதை முடிவு செய்ய முடியவில்லை என்றால் அசைக்காமல் விடுவதே மேல்.

இன்னொன்று, அளவு. 1920-க்கு 1080 வீடியோவில் அதே அளவுள்ள படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால், திரையை நிரப்ப மிஞ்சுவது 960-க்கு 540 புள்ளிகள்தான். முகம் கலங்கித்தான் தெரியும். அதனால் வாட்ஸப்பில் சுருங்கி வந்த படத்தை நம்பாமல், மூலப்படத்தையே கேட்டு வாங்குவது நல்லது.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. உண்மையான கேமரா முன்னே போகும்போது, பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் பெரிதாகும். புகைப்படத்தில் எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகும். இதைச் சரிசெய்ய, ஆளைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னணியை வேறு அடுக்காக வைத்து, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்துகிறார்கள். 2002-இல் வந்த 'தி கிட் ஸ்டேஸ் இன் த பிக்சர்' ஆவணப்படம் இந்த உத்தியைப் பிரபலமாக்கியது. பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் ஆளை வெட்டிய இடத்தில் ஓட்டை விழுமே? அதை யாரோ வரைந்து நிரப்ப வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் நிரப்பிக் கொடுக்கிறது. அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று அதற்கும் தெரியாது.

கல்யாண வீடியோவில் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு போராட்டத்தின் படம், ஒரு விபத்தின் படம், இறந்துபோனவரின் படம் என்றால்? கேமரா எடுக்காத ஒன்றைச் சாட்சியாகக் காட்டுவது, வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் எழுதுவது மாதிரி. பழைய கென் பர்ன்ஸ் முறையில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும், புதிதாக எதையும் சேர்க்க முடியாது. சாட்சியாக நிற்க வேண்டிய படங்களுக்கு அந்த எளிய முறையே போதும்.

அடுத்த முறை டைம்லைனில் ஒரு புகைப்படத்தைப் போடும்போது, முதலில் அந்தத் தானியங்கி அசைவை அணைத்துவிட்டு, படத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். உங்கள் கண் முதலில் எங்கே போகிறது, பிறகு எங்கே நகர்கிறது? கீஃப்ரேம்களை அங்கே வையுங்கள்.