பழைய மருத்துவக் கடனும் ஒருதரப்புத் தீர்ப்பும்



அமெரிக்காவில் மருத்துவக் கட்டணப் பாக்கிக்காகத் தொடுக்கப்படும் வழக்குகள் பல, கடனாளி நீதிமன்றத்துக்கு வராத காரணத்தாலேயே, வாதியின் கணக்கை எவரும் சோதிக்காமல் முடிந்துவிடுகின்றன; ஒருதரப்புத் தீர்ப்பு எனப்படும் இது, வங்கிக் கணக்கைப் பற்றுகை செய்யும், அதாவது கடனுக்காக முடக்கிப் பணத்தை எடுத்துக்கொள்ளும், உரிமையை வாதிக்குத் தந்துவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் இத்தகைய தீர்ப்பு 20 ஆண்டுகள் செல்லுபடியாகும் என்பதால், பழைய கடன்தானே என்று வாளாவிருப்பது பெருந்தீங்காக முடியும்.

ஆயினும், வழக்குத் தொடுக்கப்பட்டதை அறிவிக்கும் ஆவணமாகிய அழைப்பாணை முறைப்படி சேர்ப்பிக்கப்படவில்லை என்று காட்ட முடிந்தால், தீர்ப்பு வந்து நெடுநாள் சென்ற பின்னரும் அதனை நீக்கக் கோரி மனுச் செய்யலாம். அழைப்பாணை கிடைத்தும் தகுந்த காரணத்தால் வர இயலாதவருக்கோ, கடனை மறுக்கும் வலுவான வாதமும் வேண்டும், ஓராண்டுக் கெடுவும் உண்டு. மருத்துவமனைகள் இத்தீர்ப்புகளைக் கொண்டு நோயாளியின் ஊதியத்தைப் பிடிப்பதையும், குடியிருக்கும் வீட்டின்மீது பிணையுரிமை ஏற்றுவதையும் அம்மாநிலம் 2022இல் தடைசெய்தது மிகவும் பாராட்டத்தக்கது. இனி, விவரமான கட்டணப் பட்டியலை வாதி தாக்கல் செய்யாதவரை, பிரதிவாதி வராவிடினும் தீர்ப்பு வழங்கலாகாது என்னும் விதியை எல்லா மாநிலங்களும் இயற்ற வேண்டும்.