தலைவலிதானே என்று தள்ளலாமா?

2020-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி. ஈராக்கில் அல் ஆசாத் விமான தளம். அமெரிக்க சிப்பாய்கள் இருந்த அந்த இடத்தில், ஈரானின் ஏவுகணைகள் விழுந்தன.

யாரும் சாகவில்லை. யாருக்கும் காயம் இல்லை என்று ஜனாதிபதி டிரம்ப் அறிவித்தார்.

பிறகு என்ன ஆயிற்று? 100 பேருக்கு மேல் மூளையில் காயம் என்று டாக்டர்கள் கண்டார்கள்! அந்த எண்ணிக்கை தெரியவரும் முன்பு, தலைவலி என்றுதான் கேள்வி, பெரிதாக ஒன்றும் இல்லை என்றார் ஜனாதிபதி. அது சரியல்ல.

வெளியே தெரியாத காயம்

குண்டு வெடித்தால் காற்று அலையாகப் பாய்கிறது. அது மூளையைத் தாக்கும். ஒரு சொட்டு ரத்தமும் வராது. லேசான காயம் என்றால் "ஸ்கேன்" படத்திலும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் மறதி வரும், தூக்கம் போகும், எதற்கெடுத்தாலும் கோபம் வரும்.

முதல் உலகப் போரில் இப்படி அவதிப்பட்ட பலரைக் கோழை என்று ஏசினார்கள். அந்தத் தவறு மறுபடியும் வேண்டாம்.

விதி மட்டும் போதுமா?

வெடித்த இடத்துக்கு 50 மீட்டருக்குள் இருந்தவருக்கு 24 மணி நேர ஓய்வும், டாக்டர் சோதனையும் தரவேண்டும் என்று 2012-ல் அமெரிக்க ராணுவ இலாகா விதி செய்தது. படையில் சேரும்போதே ஞாபக சக்தியைச் சோதித்து எழுதி வைக்க 2024-ல் உத்தரவு போட்டது. நல்லதுதான்.

ஆனால், தோழர்களைப் பிரிய மனமில்லாமல் வலியை மறைக்கும் சிப்பாய் இருக்கிறானே! அவன் மனைவியையும் தாயையும் கேட்க வேண்டும். "முன்போல் இல்லையே" என்று முதலில் உணர்வது அவர்கள்தான்.

நாட்டுக்காக அடிபட்டவனை, "உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பக்கூடாது.