எழுதுவதற்கு ஒரு பலகை!

குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று எல்லோரும் நமக்குச் சொல்கிறார்கள். அனுப்புகிறோம். தமிழ்நாடு சர்க்கார் புத்தகம் கொடுக்கிறது, பை கொடுக்கிறது, மதியம் சோறு போடுகிறது, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சைக்கிளும் கொடுக்கிறது. நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பும் குழந்தை எந்த இடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

சிங்காநல்லூரிலும் ஒண்டிப்புதூரிலும் உள்ள லைன் வீடுகளைப் பாருங்கள். இருப்பது ஒரே அறை. முழு நைட் போக வேண்டிய தகப்பன் ஒரு மூலையில் தூங்குகிறார். மறு மூலையில் அடுப்பு எரிகிறது. நடுவில் குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு தரையிலே எழுதுகிறது. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் கயிற்றுக் கட்டில்தான் மேசை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களின் தகரக் கொட்டகையில் அதுவும் இல்லை.

கழுத்து வலிக்கிறது, கை கடுக்கிறது. கையெழுத்து கோணுகிறது. வாத்தியார் திட்டுகிறார். நாளாவட்டத்தில் குழந்தைக்குப் பள்ளி கசந்துவிடுகிறது. “இதற்குப் படிப்பு ஏறாது” என்று நாமே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் சூட்டி, மூன்று வருஷம் உழைத்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டி, இந்தக் கொங்கு நாட்டு ஸ்பின்னிங் மில்களின் விடுதிகளில் இளம் பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய கதை நமக்குத் தெரியாததா?

கணக்குப்பிள்ளைக்கு மேசை, நமக்கு ரேகை

மண்டியிலும் வட்டிக்கடையிலும் கணக்குப்பிள்ளையின் முன்னால் ஒரு சாய்வு மேசை இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் மேல் அவர் பேரேடு எழுதுவார். நம் பாட்டன் வாங்கிய கடனும் வட்டியும் ஏறியது அந்த மேசையின் மேல்தான். எழுதியவருக்கு மேசை இருந்தது. எழுதப்பட்டவனுக்குக் கட்டை விரல் ரேகைதான் இருந்தது. அதே மேசையை இப்போது நம் குழந்தையின் முன்னால் வைப்போம் என்கிறோம்.

அதற்கு நாற்காலி வேண்டாம், தனி அறை வேண்டாம். எழுதி முடித்ததும் சுவரோரம் சாய்த்து வைக்கலாம். எட்டு, பத்து வயதுக் குழந்தைக்கு மேல் பலகை 2 அடி நீளம், 1¼ அடி அகலம் போதும். பக்கத்துக்கு ஒரு பலகை: முன்பக்கம் 8 அங்குல உயரம், பின்பக்கம் 10 அங்குலம். பின்னால் ஒரு குறுக்குப் பலகை அடித்தால் ஆடாது. கீழ் விளிம்பில் அரை அங்குலச் சட்டம் வைத்தால் நோட்டும் பென்சிலும் நழுவாது. குழந்தையைச் சம்மணமிட்டு உட்கார வைத்துப் பாருங்கள்: தோளைத் தூக்காமல் முழங்கை பலகையில் படிந்தால் உயரம் சரி. வலது கையால் எழுதும் பிள்ளைக்கு வெளிச்சம் இடப் பக்கத்திலிருந்து வர வேண்டும்.

மரத்துக்குத் தேக்கைத் தேட வேண்டாம். வேப்பம்பலகையைக் கறையான் எளிதில் அண்டாது. எந்திரம் வந்த பெட்டிகளின் மரத்தையும் கேட்டு வாங்கலாம். ஆனால் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி போக்கிய மரம், எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றிய மரம், குழந்தைக்கு ஆகாது. எண்ணெய் குடித்த பலகையும் ஆகாது. ஆணியைவிடத் திருகாணி நல்லது. சிராய் குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

கைத்திறனுக்கா நம்மிடம் பஞ்சம்? கோயமுத்தூர் வார்ப்படப் பட்டறைகளுக்கு மயிரிழை பிசகாமல் மரத்தில் பேட்டர்ன் செய்யும் தோழர்கள் நம் தெருவிலே இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீஸ் வாசலில் நாலு பேர் கூடினால் ஒரு தெருவுக்கான மேசைகள் தயாராகிவிடும்.

இது தர்மமா?

“சர்க்கார் செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும்?” என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2009இல் நிறைவேறி 2010இல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு வகுப்பறை, குடிநீர், கழிப்பறை, நூலகம் எல்லாம் வேண்டும் என்கிறது. வீடு திரும்பிய குழந்தைக்கு எழுத இடம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல வைக்கும் வரை நாம் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் சட்டம் வரும் வரை குழந்தை மூன்றாம் வகுப்பிலேயே காத்திருக்குமா?

1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் மக்கள் பெஞ்சும் மேசையும் கரும்பலகையும் செய்து பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததனால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடவில்லை. பள்ளி எங்களுடையது என்ற உணர்வுதான் ஊருக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953இல் ராஜாஜி மந்திரிசபை கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. உளி பிடித்தவன் பிள்ளை உளியோடு நிற்க வேண்டும் என்பது அந்தக் கணக்கு. நம் கணக்கு வேறு: தகப்பன் உளி பிடிப்பது, பிள்ளை விரும்பிய படிப்பைப் படிப்பதற்கு.

எனவே தோழர்களே, இரண்டு வேலைகள். ஒன்று, இந்த மாதமே மேசை செய்யத் தொடங்குவோம். தாய்மொழி எது என்று பாராமல் தெருவிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் செய்வோம். பெண் பிள்ளைக்கு முதல் மேசை! இரண்டு, மில் குடியிருப்புக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என விளக்கும் மின்விசிறியும் உள்ள மாலைப் படிப்புக் கூடம் வேண்டும் என்று கோரிக்கைப் பட்டியலில், போனசுக்கும் கூலிக்கும் பக்கத்திலேயே எழுதுவோம்.

அந்தக் கோரிக்கை மனுவை நம் பிள்ளைகளே எழுதட்டும், நாம் செய்த மேசையின் மேல் வைத்து!