உபாத்தியாயர்கள் கூடிக் கற்க ஒரு பாடவேளை

பெருமதிப்பிற்குரிய பத்திரிகாசிரியர் அவர்களுக்கு,

உயர்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணிதம் போதித்து ஓய்வு பெற்ற எனக்கு, அவ்வளவு காலத்திலும் சக உபாத்தியாயர் ஒருவரேனும் என் வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பாடத்தைக் கவனித்து அபிப்பிராயம் சொன்னதில்லை என்பது இன்றும் ஆறாத மனக்குறையாகவே இருக்கிறது. ஜப்பானில் மெய்ஜி காலத்திலேயே வேர்விட்ட ‘ஜுக்யோ கென்க்யூ’ என்னும் பாட ஆய்வு முறையில், ஆசிரியர் சிலர் கூடி ஒரே பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிட்டு, ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் மாணவர் எவ்விடத்தில் தயங்குகின்றனர், எதனால் தவறான விடைக்குச் செல்கின்றனர் என்று குறித்துக்கொண்டு, பின்னர் விவாதித்துத் திருத்துகிறார்கள். பரிசீலனைக்கு உள்ளாவது பாடமேயன்றிப் போதித்தவர் அல்லர் என்பதே அம்முறையின் ஜீவநாடி என்று கருதுகிறேன். நம் பள்ளிகளிலோ, வகுப்புக்குள் வேறொரு பெரியவர் நுழைந்தால் அது அதிகாரியின் சோதனையென்றே அஞ்சிப் பழகிவிட்டோம்.

எதிர்மறை எண்கள் இரண்டைப் பெருக்கினால் நேர்மறை எண் வருவது ஏன் என்று எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டபோது நான் விதியையே திரும்பச் சொன்னேன். அடுத்த அறையிலிருந்த நண்பர் அதை விளக்க அழகான வழி ஒன்று வைத்திருந்தார் என்பதை அவருடைய பிரிவுபசார விழாவில்தான் அறிந்தேன். ஆதலின், வாரந்தோறும் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே இத்தகைய கூட்டுப் பாட ஆய்வுக்கென ஒதுக்கி, அதில் சுற்றறிக்கை வேலை எதுவும் புகாதபடி தலைமையாசிரியர்கள் காக்க வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாக விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்