பேட்டரிக்கு 8 ஆண்டு வாரன்ட்டி... தொடுதிரைக்கு?

மின்சார கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?’ அடுத்தது, ‘பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?’ இரண்டுக்கும் விற்பனையாளரிடம் பதில் தயாராக இருக்கும். பெரும்பாலானோர் கேட்காமல் விடும் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: ‘நடுவுல இருக்குற இந்தப் பெரிய திரை போச்சுன்னா, யார் செலவு?’

இந்தக் கேள்விக்கான பதிலை அமெரிக்காவில் டெஸ்லா வாங்கியவர்கள் சொந்தக் காசு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அப்படி என்ன நடந்தது?

2012-ல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் பெரிய கவர்ச்சியே அதன் 17 அங்குலத் தொடுதிரைதான். ஏசி, பாட்டு, வரைபடம், பின்பக்க கேமரா என எல்லாமே அதற்குள். அந்தத் திரையை இயக்கும் கணினியில் 8 ஜிபி கொள்ளளவு கொண்ட ஒரு ஃபிளாஷ் நினைவகச் சிப் இருந்தது. 2015-ல் வந்த மாடல் எக்ஸ் காரிலும் அதே சிப்தான்.

இந்த வகைச் சிப், எழுதி அழிக்க அழிக்கத் தேயும். டெஸ்லா பயன்படுத்திய சிப்பின் ஆயுள் சுமார் 3,000 முறை. காரோ தன் செயல்பாட்டுப் பதிவுகளை அதில் எழுதித் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 1.4 முறை என்ற வேகத்தில் எழுதினால், 5 முதல் 6 ஆண்டுகளில் சிப்பின் கதை முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

சிப் போனால் திரை கறுத்துவிடும். திரையோடு பின்பக்க கேமராவும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதிக்கான கட்டுப்பாடும், இண்டிகேட்டர் ஒலியும் போய்விடும்.

இப்போது வாரன்ட்டியைப் பாருங்கள். அந்தக் கார்களில் பேட்டரிக்கு 8 ஆண்டு. திரையும் கணினியும் அடங்கும் பொது வாரன்ட்டி 4 ஆண்டு அல்லது 50,000 மைல். 4 ஆண்டில் வாரன்ட்டி முடிகிறது, 5-6 ஆண்டில் சிப் சாகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர் கார் உரிமையாளர்.

டெஸ்லாவே அரசிடம் கொடுத்த விவரப்படி, இந்தக் கணினியை மாற்றக் கேட்டு வந்தவற்றில் 4,746 கோரிக்கைகள் வாரன்ட்டிக்கு வெளியே இருந்தன. செலவு? 2020-ல் இந்தப் பழைய கணினியை அடுத்த தலைமுறைக்கு மாற்றிக்கொள்ள டெஸ்லா வைத்த விலை 2,500 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 1.85 லட்சம் ரூபாய். அதை மாற்றினால் பழைய எஃப்எம் ரேடியோ வேலை செய்யாது என்பது தனிக்கதை.

தேய்மானமா, குறைபாடா?

இங்கேதான் எனக்கு முக்கியமான கேள்வி வருகிறது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்தபோது, இந்தச் சிப்கள் அனைத்தும் என்றாவது ஒருநாள் தேய்ந்து போகும் என்பதை டெஸ்லா மறுக்கவில்லை. ஆனால் அது குறைபாடு அல்ல, இயல்பான தேய்மானம் என்றது. காரின் முழு ஆயுளுக்கும் இத்தகைய பாகம் உழைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றும் வாதிட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். டயர் தேயுது, பிரேக் பேட் தேயுது, சிப் தேய்ந்தால் என்ன?

வித்தியாசம் இருக்கிறது. டயர் தேயும் என்று வாங்கும்போதே நமக்குத் தெரியும். தேய்வது கண்ணுக்கும் தெரியும். தெருமுனைக் கடையில் நான்கு கம்பெனி டயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாட்டலாம். இந்தச் சிப் விஷயத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. விற்கும்போது ‘காரின் மூளை’. கெட்டுப்போனால் ‘தேயும் சாமான்’. ரெண்டையும் ஒரே கம்பெனி சொன்னால் எப்படி?

‘செல்போன்கூடத்தான் நாலு வருஷத்துல போகுது’ என்பவர்களுக்கு ஒரு பதில்: நம் ஊரில் கார் லோனே 7 வருஷம் வரை ஓடுகிறது. தவணை முடிவதற்குள் திரை முடிந்துவிடக் கூடாது, இல்லையா?

ரீகால் வந்தது எப்படி?

புகார்கள் குவிந்த பிறகு, 2020 நவம்பரில் இந்தச் சிப்புக்கான வாரன்ட்டியை டெஸ்லா 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என நீட்டித்தது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தரவும் முன்வந்தது. ஆனால், 2012-ல் கார் வாங்கியவருக்கு அந்த 8 ஆண்டும் அதற்குள் முடிந்துபோயிருந்தது.

2021 ஜனவரியில் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 1.58 லட்சம் கார்களைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே, குறைபாடு என்பதை ஏற்காமலேயே, 1.35 லட்சம் கார்களுக்கு ரீகால் செய்ய டெஸ்லா சம்மதித்தது. அப்போது மாற்றியது என்ன தெரியுமா? முழுத் திரையை அல்ல. சிப் இருந்த சிறிய துணைப் பலகையை மட்டும் எடுத்துவிட்டு, 64 ஜிபி சிப் கொண்ட பலகையைப் பொருத்தினார்கள். மனசு வைத்தால் சின்னதாகவே முடிகிற வேலை!

கவனியுங்கள், அரசால் தலையிட முடிந்ததே கேமராவும் கண்ணாடிப் பனியும் பாதுகாப்பு தொடர்பானவை என்பதால்தான். பாட்டும் வரைபடமும் மட்டும் போயிருந்தால், பில் முழுக்க உரிமையாளர் தலையில்தான்.

நம் ஊரில்?

ஸ்ரீபெரும்புதூரிலும் தூத்துக்குடியிலும் மின்சார கார்கள் தயாராகத் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு புதிய மாடலிலும் திரை பெரிதாகிறது, பட்டன் குறைகிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவதோ பேட்டரி வாரன்ட்டி மட்டும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கார்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்தது. ஆனால், 2021-ல் வந்த விதிகளின்படி அது 7 ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்தும். அமெரிக்காவில் ரீகாலில் இலவசமாகச் சரிசெய்து தரும் கடமை 15 ஆண்டு வரை நீள்கிறது. 5-6 ஆண்டில் தேயத் தொடங்கி, புகார்கள் சேர்ந்து, விசாரணை முடியும்போது 7 ஆண்டு தாண்டிவிட்டால் நம் உரிமையாளர் எங்கே போவார்? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தில் வாகனத் துறையும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால், அது தகவல் தரும் இடம்; கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அல்ல.

என் கருத்து இதுதான்: ஏசியும் கேமராவும் ஒரு திரை வழியாகத்தான் இயங்கும் என்றால், அந்தத் திரையும் கணினியும் காரின் அடிப்படைப் பாகங்கள். பேட்டரிக்குத் தரும் அதே கால வாரன்ட்டியை அவற்றுக்கும் தர வேண்டும். அதைத் தானாகச் செய்ய நிறுவனங்கள் தயங்கினால், அரசு விதியாக்க வேண்டும். கார் விலை கொஞ்சம் ஏறலாம். ஆறாவது வருஷம் திடீரென வரும் பில்லைவிட, வாங்கும்போதே தெரிந்து கொடுக்கும் பணம் மேல்.

அதுவரை, கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திரைக்கும் அதன் கணினிக்கும் வாரன்ட்டி எத்தனை ஆண்டு? வாரன்ட்டி முடிந்தபின் மாற்ற எவ்வளவு ஆகும்? கெட்டுப்போன பாகத்தை மட்டும் மாற்றுவார்களா, முழு யூனிட்டையுமா? வாயால் சொல்லும் ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்பது வாரன்ட்டி ஆகாது.