செமன் ரின்னும் எமது குளத்து மீனும்

கட்லட் என்றால் செமன் ரின் வேண்டும் என்ற எண்ணம் எமது வீடுகளில் ஊறிப்போய்விட்டது. விருந்தினர் வந்தாலும் சரி, பிள்ளையின் முதல்நன்மை என்றாலும் சரி, மாங்குளம் சந்திக்கு ஆள் அனுப்பி ஒரு ரின் வாங்குகின்றோம். இவ்வழக்கத்தை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே எமது கருத்து.

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்வோம். செமன் என்று நாம் வாங்கும் 425 கிராம் ரின்னுக்குள் பெரும்பாலும் இருப்பது மக்கரல் என்னும் வேறொரு கடல்மீன். உண்மையான சால்மன், வட அத்திலாந்திக், வட பசுபிக் பகுதிகளின் குளிர்நீரில் வாழ்வது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்குத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது. எமது கரைகளில் அது பிடிபடுவதில்லை. பெயர் மட்டுமே இங்கு வந்து சேர்ந்தது.

ரின் எமது சமையலில் இடம்பிடித்தமைக்கு இடப்பெயர்வும் ஒரு காரணம். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களுக்கும், 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களுக்கும், கெடாமல் இருக்கும் உணவு கிடைத்தால் அதுவே பெரும் ஆறுதல். அதில் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த முகாம் 2012இல் மூடப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரின் விலை எப்படி ஏறியது என்பதையும் நாம் அனுபவித்தோம். பிறர் அடைத்துத் தருவதையே நம்பியிருக்கும் அடுப்பு, விலை ஏறும்போது அணைந்துவிடும்.

எமக்கு அருகிலோ இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்கள் இருக்கின்றன. ஆபிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட, 1950களில் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று எமது குளங்களின் மீனாகிவிட்டது. சேற்று மணம் என்று பலர் ஒதுக்குகின்றனர். மீனைத் துப்புரவாக்கி, உப்பும் மஞ்சளும் தேசிப்புளியும் பூசிச் சிறிது நேரம் வைத்துக் கழுவினால் அம்மணம் பெரிதும் குறையும்.

செய்முறை எளிது. மீனை உப்பிட்டு அவித்து, முள்ளை விரல்களால் தடவிப் பார்த்து நீக்குங்கள். சிறுபிள்ளைகள் உண்பதால் இதில் அவசரம் கூடாது. மீன் சதை எவ்வளவோ, அவ்வளவு கிழங்கும் சேர்க்கலாம். உருளைக்கிழங்கு விலையென்றால் எமது வளவு மரவள்ளி போதும். அதைத் தோல் சீவி, மூடாமல் நன்றாக அவித்து, தண்ணீரை வடித்து, நடுநாரை எடுத்து மசிக்க வேண்டும். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்து, மிளகுத்தூளும் தேசிப்புளியும் கூட்டிப் பிசைந்து உருட்டுங்கள். கரைத்த கோதுமை மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்தெடுங்கள். ரின் மீனிலும் இவ்வாறே செய்யலாம். ஆனால் ரின் உப்பியிருந்தால் எறிந்துவிடுங்கள். திறந்த ரின்னில் மீதியை வைக்காதீர்கள்.

இதை விற்கலாமா என்று சகோதரிகள் கேட்கக்கூடும். விற்கலாம். முறிகண்டியில் கச்சான் விற்றே குடும்பத்தைத் தாங்கியோர் எம் கண்முன் இருக்கின்றனர். ஆனால் எண்ணெய், விறகு ஆகியவற்றுடன் உங்கள் உழைப்புக்கும் கூலி போட்டு விலை வையுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து செய்யுங்கள். அன்று பொரித்ததை அன்றே விற்றுவிடுங்கள். கறுத்த எண்ணெயில் மீண்டும் பொரிக்காதீர்கள். தாச்சி வாங்குவதற்கென்று நுண்கடன் மட்டும் எடுக்க வேண்டாம். வாரக் கட்டுப்பணத்தினால் எத்தனை பெண்கள் நித்திரை இழந்தார்கள்! 2018இல் வரட்சி கண்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை வந்ததை மறந்துவிடலாகாது.

உதவி நிறுவனங்களுக்கும், திருச்சபைப் பணியாளர்களாகிய எமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று நாள் சமையற் பயிற்சியும் ஒரு சான்றிதழும் காணிக்கு ஈடாகா. கமக்காரனுக்கு வயலே முதல். 2017இல் கேப்பாப்புலவு மக்கள் வீதியோரத்தில் அமர்ந்து கேட்டது சுயதொழிற் பயிற்சியை அல்ல, தம் சொந்த மண்ணை. சால்மன் மீனுக்கும் தன் ஆறு தெரியும். வழியில் அணை கட்டிவிட்டால் அது என்ன செய்யும்? ஆகவே கட்லட் பழக்குகிறவர்கள் காணிக்காகவும் குரல்கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது பாதிப் பணியே.

ஆயினும் காணி கிடைக்கும்வரை பிள்ளைகளின் கோப்பை காத்திருக்காது. ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கையில் இருந்தவற்றிலிருந்தே தொடங்கின. மிச்சமும் வீணாகாமல் சேர்க்கப்பட்டது. வரும் தவக்கால வெள்ளிகளில் ஒன்றிலாவது ரின்னை விடுத்து, குளத்து மீனில் கட்லட் செய்து பாருங்கள். அயல்வீட்டுக்கும் இரண்டு கொடுங்கள். மிச்சம்பிடித்த ரின் காசை ஒரு பேணியில் போட்டு வையுங்கள். அடுத்த போகத்தில் விதைக்கு உதவும்.